வீட்டுக்கு வரும் கடிதத்தை யார் வாசிப்பது?



இந்த மாதம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம், வளர்ந்தோரின் வாசிப்பு. பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். தமிழ் வகுப்பு, பேச்சுப் போட்டி, நூலக அட்டை என்று அவர்களுக்காக ஓடித் திரிகிறோம். ஆனால், பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வாகனத்துக்குள் காத்திருக்கும் தாய் தகப்பன் என்ன வாசிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. "எங்கட காலம் முடிஞ்சுது, இனிப் பிள்ளைகள் படிச்சால் போதும்" என்பது எம்மவர் பலருடைய பேச்சு. அந்தப் பேச்சு சரிதானா என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் நாங்கள் வாழும் இந்தக் கனடாவின் நிலைமையைப் பார்ப்போம். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு, 16 முதல் 65 வயது வரையுள்ளவர்களின் வாசிப்புத் திறனைப் பல நாடுகளில் அளந்து வருகிறது. அதன் இரண்டாம் சுற்று முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. 31 நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஏறத்தாழ 1,60,000 பேர் இதில் பங்குபற்றினார்கள். கனடாவில் நூற்றுக்கு 19 பேர் வாசிப்பில் முதலாம் படியிலோ அதற்கும் கீழேயோ நின்றார்கள். பங்குபற்றிய அந்த அமைப்பின் நாடுகளுடைய சராசரி நூற்றுக்கு 26.

முதலாம் படி என்றால் என்ன? முதற் சுற்றுக்குப் பின் வெளியிடப்பட்ட மாதிரி வினா ஒன்றைச் சொல்கிறேன். பாலர் பாடசாலை ஒன்றின் விதிமுறைகள் ஒரு தாளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பிள்ளை ஆகப் பிந்தி எத்தனை மணிக்கு வந்து சேரவேண்டும் என்பதை அதிலே கண்டுபிடிக்கவேண்டும். அவ்வளவுதான். எழுத்துக்கூட்டத் தெரியுமா என்று இது பார்ப்பதில்லை. கையில் கிடைத்த தாளில் தனக்கு வேண்டியதை ஒருவர் தேடி எடுப்பாரா என்றுதான் பார்க்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும், நேயர்களே. கனடாவில் இந்தச் சோதனை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் நடக்கும. ஊரிலே க.பொ.த. உயர்தரம் படித்து, நாவல்களைக் கரைத்துக் குடித்த ஒரு தாய், இந்தச் சோதனையில் கீழ்ப்படியில் நிற்கக்கூடும். அதனால் அவர் எழுத்தறிவு இல்லாதவர் ஆகிவிடமாட்டார். அவருடைய வாசிப்பு ஒரு மொழியில் முற்றி, மற்ற மொழியில் முளைவிடாமல் நிற்கிறது, அவ்வளவே.

சரி, வயது போனபின் அது முளைக்குமா? இதற்கு விடை சொல்லும் இரண்டு ஆய்வுகளை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரில் நடந்தது. போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ரீடர், உயர்நிலைப் பள்ளியை முடிக்காத ஏறத்தாழ ஆயிரம் பேரை 1998 முதல் 2007 வரை தொடர்ந்து கவனித்தார். ஆய்வு தொடங்கியபோது அவர்களுக்கு 18 முதல் 44 வயது. வீடு வீடாகப் போய், ஆறு தடவை அதே ஆட்களைச் சந்தித்து, என்ன வாசிக்கிறார்கள், எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று கேட்டு, திறனையும் அளந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள்.

கிடைத்த முடிவு பலரை யோசிக்க வைத்தது. வகுப்புக்குப் போனவர்களின் சோதனைப் புள்ளி, போகாதவர்களின் புள்ளியைவிட உடனே ஏறிவிடவில்லை. அப்படியென்றால் வகுப்பு வீணா? இல்லை. வகுப்புக்குப் போனவர்கள் அன்றாட வாழ்க்கையில் கூடுதலாக வாசிக்கத் தொடங்கினார்கள். பத்திரிகை, கடிதம், கட்டணச் சீட்டு, புத்தகம் என்று முன்பு ஒதுக்கி வைத்தவற்றைக் கையில் எடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்குத்தான் காலப்போக்கில் திறன் வளர்ந்தது. 100 மணித்தியாலமோ அதற்கு மேலோ வகுப்பில் இருந்தவர்களின் வருமானமும் பிந்திய ஆண்டுகளில் கூடியிருந்ததை ரீடர் பின்னர் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது ஆய்வு ஜேர்மனியிலே நடந்தது. அங்கே 2012இல் சோதிக்கப்பட்டவர்களையே மூன்றரை ஆண்டு கழித்து மறுபடியும் சோதித்தார்கள். அந்தத் தரவுகளை வைத்து எரிக் ஹனுஷெக், லுட்ஜர் வோஸ்மன் முதலான பொருளியல் ஆய்வாளர்கள் 2025இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், திறன்கள் நாற்பது வயதுகள் வரை கூடுகின்றன. அதன்பின் வாசிப்புத் திறன் சிறிதளவும், கணக்குத் திறன் அதைவிட அதிகமாகவும் இறங்குகின்றன. ஆனால், இந்த இறக்கம் எல்லோருக்கும் வரவில்லை. வேலையிலும் வீட்டிலும் வாசிப்பையும் கணக்கையும் சராசரிக்குக் குறைவாகப் பயன்படுத்தியவர்களுக்கு மட்டுமே வந்தது.

இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். திறன் வந்தபிறகுதான் வாசிக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வாசிக்க வாசிக்கத்தான் திறன் வருகிறது. விட்டால் போகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். கடிதம் வருகிறது. தாய் உறையைக் கிழிக்காமலே மேசையில் வைத்துவிடுவார். மாலையில் பிள்ளை வந்து வாசித்துச் சொல்லும், அல்லது கைத்தொலைபேசியில் படமெடுத்துத் தமிழாக்கிக் காட்டும். இது உதவிதான், குறைசொல்ல முடியாது. புதிதாக வந்த முதல் ஆண்டிலே வேறு வழியும் இல்லை. ஆனால் இருபது ஆண்டு கழிந்த பின்னும் இப்படியே நடந்தால், அந்தத் தாய்க்கு வாசிப்பதற்கு ஒரு சந்தர்ப்பமும் மிஞ்சவில்லை என்றுதான் பொருள். ஆய்வுகள் சொல்லும் அந்தப் பழக்கத்தை அன்பினாலேயே நாம் பறித்துவிடுகிறோம்.

இதில் மானமும் அடங்கியிருக்கிறது. தாயின் மருத்துவ அறிக்கையைப் பதினொரு வயதுப் பிள்ளை வாசிக்க நேர்கிறது. தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தன் பிள்ளையிடம் கேட்டு அறியவேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் சங்கடமானது. அந்தப் பிள்ளைக்கும் அது வயதுக்கு மீறிய சுமை. வங்கிக் கடிதமும் அப்படித்தான்.

என்ன செய்யலாம்? சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, கடிதத்தை உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். முதலில் மின்சாரக் கட்டணச் சீட்டு. எவ்வளவு கட்டவேண்டும், எந்தத் திகதிக்கு முன் கட்டவேண்டும் என்ற இரண்டை மட்டும் அம்மா கண்டுபிடிக்கட்டும். பிள்ளை பக்கத்தில் இருக்கலாம், பறித்து வாசிக்கக் கூடாது. பிறகு மருந்துப் போத்தலின் சீட்டு, பிறகு பாடசாலை அறிவித்தல் என்று கொஞ்சங் கொஞ்சமாக ஏறலாம்.

இரண்டு, தமிழ் வாசிப்பை விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ், ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்பு அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும் என்ற கருத்தை 1979இல் முன்வைத்தார். அவர் பேசியது முக்கியமாகப் பிள்ளைகளைப் பற்றி. என்றாலும், தலைப்பைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிப்பது, வேண்டியதைத் தேடி எடுப்பது என்பவை தமிழில் பழகியவருக்கு முற்றிலும் புதியவை அல்ல. ரொறன்ரோப் பொது நூலகத்தின் கிளைகள் சிலவற்றில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. நகரவாசிகளுக்கு அட்டை இலவசம். பேரப்பிள்ளையைக் கூட்டிச் செல்லும்போது உங்களுக்கும் ஒரு புத்தகம் எடுத்துவாருங்கள்.

மூன்று, வகுப்புக்குப் போக வெட்கப்படாதீர்கள். 1992இல் தொடங்கிய 'லிங்க்' வகுப்புகளில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, தகுதியுள்ளவர்கள் கட்டணமின்றிச் சேரலாம். குடியுரிமை எடுத்தபின் அதில் இடம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே சேருவது நல்லது. குடியுரிமை எடுத்தவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைகள் நடத்தும் பெரியோருக்கான ஆங்கில வகுப்புகளில் பிறநாட்டில் பிறந்த குடிமக்களையும் சேர்க்கிறார்கள். அண்மையிலுள்ள சபையில் விசாரியுங்கள்.

வளர்ந்தவர்கள் வேலைக்களைப்போடு படிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1899இல் அல்பிரட் பிற்ஸ்பட்றிக் என்பவர் தொடங்கிய இயக்கம் பின்னர் புரொண்டியர் கல்லூரி என்று பெயர்பெற்றது. அதன் ஆசிரியர்கள் மரம் வெட்டும் முகாம்களிலும் ரயில் பாதை போடும் இடங்களிலும் பகலில் தொழிலாளரோடு தொழிலாளராய் வேலை செய்து, இரவில் அவர்களுக்கு எழுத்தறிவித்தார்கள். அந்தத் தொழிலாளரிலும் பலர் பிறநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்களைப் போலவே பகல் முழுவதும் உடம்பு முறிந்தவர்கள். அந்த அமைப்பு இன்றும் வேறு பெயரில் இயங்கிவருகிறது.

நேயர்களே, இரண்டு வேலை செய்பவருக்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. மணிக்கணக்காக வேண்டாம். பேருந்தில் போகும் பதினைந்து நிமிடம் போதும். முழுவதும் விளங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்து வரியில் மூன்று வரி விளங்கினால், அந்த மூன்றும் உங்களுடையவை. அடுத்த வாரம் அது நான்காகும்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் முதற் கடிதத்தை, அது யார் பெயருக்கு வந்திருக்கிறதோ அவரே உடைத்து வாசிக்கட்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திக்கும்வரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.