பார்த்துக் கொடுக்கவேண்டிய சம்மதம்

(யாழ்ப்பாணத்தில், மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த தாய்மாரும் கலந்துகொண்ட பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. வடமராட்சியிலும் தீவகத்திலும் வெளிநாட்டு மாமா அனுப்பிய போன் பிள்ளையின் கைக்குப் போனது. தோட்டத்தில் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தது. போன் திரும்பி வரவில்லை. அதற்குள்ளே பேஸ்புக், டிக்டொக் கணக்குகளும் வந்துவிட்டன. இவற்றைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லுது?

உலகத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தடை. அவுஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. அங்கே தண்டப்பணம் கம்பனிக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. பெற்றோர் சம்மதித்தாலும் கணக்குத் திறக்க முடியாது.

மற்றது, பெற்றோர் சம்மதம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விபரங்களை இணையத்தில் திரட்டப் பெற்றோர் அனுமதி வேண்டும். கம்பனிகள் 13 வயது என்று சொல்வது இதனால்தான். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என்கிறது; பிள்ளையின் விபரங்களுக்குச் சம்மதம் தரவேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப் பாதுகாவலர். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ கணக்குத் திறக்க வயதெல்லை வைக்கவில்லை.

சரி, சம்மதம் கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுவோம். யார் அதைக் கொடுக்கப்போகிறது? அம்மாவின் போனில் கணக்கைத் திறந்து கொடுத்ததே மகன்தான். இரகசியச் சொல்லும் அவனுக்குத்தான் தெரியும். "பெற்றோர் சம்மதம்" என்று கேட்டால் அவனே அமத்திவிடுவான். அம்மா குவைத்திலும் பிள்ளை அம்மம்மாவோடு லயத்திலும் என்றால் இன்னும் சிக்கல். என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் கடதாசிகளுக்குக் கைநாட்டு வைத்து எங்கள் சனம் பட்ட பாடு தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இதுவும் அப்படி ஒரு கைநாட்டாகப் போய்விடக் கூடாது.

ஆகவே சட்டத்துக்குக் காத்திராமல் மூன்று காரியம் செய்யுங்கோ.

முதலாவது, உங்கள் போனின் இரகசியச் சொல்லை நீங்களே மாற்றி வைத்திருங்கோ. கூகுளின் 'பமிலி லிங்க்' மூலம் பிள்ளையின் போனில் எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்று பெற்றோர் தீர்மானிக்கலாம். கூச்சப்படாமல் தெரிந்தவரிடம் கேட்டுப் பழகுங்கோ.

இரண்டாவது, கடையிலோ வீட்டிலோ கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட விடாதீர்கள். டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவருக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பும் வசதி கிடையாது. கணக்கும் தொடக்கத்திலேயே பூட்டித்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபது என்று போட்டால் அந்தப் பூட்டு தானாகவே கழன்றுவிடும்.

மூன்றாவதுதான் பெரிய காரியம். படத்தை வைத்து யாரோ மிரட்டினால், பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? அடி விழும், போனைப் பறிப்பார்கள் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயந்தான் பலம். "என்ன நடந்தாலும் என்னட்டச் சொல்லு, நான் அடிக்கமாட்டன், போனையும் பறிக்கமாட்டன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கோ. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேணும். அப்படி ஒன்று நடந்தால் காசு அனுப்பாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், பொலிஸிலும் முறையிடலாம்.

நாளைக்குச் சட்டம் முழுதாக வந்து உங்களிடம் சம்மதம் கேட்கும்போது, வாசித்து, விளங்கி, வேண்டுமென்றால் "ஆம்", வேண்டாமென்றால் "இல்லை" என்று நீங்களே சொல்லக்கூடியவர்களாக இருக்கவேண்டும். அதற்கு இன்றைக்கே ஆயத்தப்படுவோம்.