உங்கள் வழக்கேடு எங்கே இருக்கிறது?

(கல்முனையில் நடந்த அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில், நீதிமன்ற எழுதுவினைஞராகப் பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



கோடு என்றாலே நம்முடைய சனத்துக்கு ஒரு பயம். காலையிலிருந்து பொழுதுபடும் வரை கரும்பு வெட்டுகிற கை, நீதிமன்றக் கந்தோரில் ஒரு கடதாசியை நீட்ட நடுங்குகிறது. அந்தப் பயத்தில்தான் வாசலில் நிற்கிற தரகர் பிழைக்கிறார். "நீங்க உள்ளுக்கு வர வேணாம், நான் எடுத்துத் தாறன்" என்பார். அவர் எடுத்துத் தருவது பல நேரம் நீங்களே போய்க் கேட்டால் கிடைக்கிற கடதாசிதான்.

உங்கள் மேல் போட்ட வழக்கோ, உங்களுக்குத் தீங்கு செய்தவர் மேல் போட்ட வழக்கோ, அதற்கென்று ஓர் ஏடு நீதிமன்றத்தில் இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தீர்ப்பாலோ கட்டளையாலோ பாதிக்கப்பட்ட ஆள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அந்த ஏட்டின் பிரதியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. விசேட காரணம் இருந்தால் காசில்லாமலே கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு இடம் வைத்திருக்கிறது.

முதலில் எந்த நீதிமன்றம் என்று தெரிய வேண்டும். பலர் பிழை விடுவது இங்கேதான். வீடு மருதமுனையில் என்பதற்காக வழக்கு கல்முனையில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சம்பவம் எங்கே நடந்தது, அந்த இடம் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குரியது, அந்தப் பொலிஸ் எந்த நீதவான் நீதிமன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோகிறது, இதுதான் கணக்கு. நம்முடைய கரையில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று வரிசையாக நீதவான் நீதிமன்றங்கள் இருக்கின்றன. உள்நாட்டுப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வேலைத்தலத்தில் நடந்த சம்பவம் அம்பாறை நகரத்து நீதிமன்றத்துக்குப் போயிருக்கக்கூடும். பொலிஸ் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னச் சண்டை, சின்னச் சேதம் என்றால் வழக்கு நீதிமன்றத்துக்கே போகாமல் மத்தியஸ்த சபையில் நிற்கலாம். நீதிமன்றத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் அங்கேயும் ஒருமுறை விசாரியுங்கள்.

அடுத்தது இலக்கம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பதிவேட்டு அறையில் ஏடுகள் பெயர் வரிசையில் கிடப்பதில்லை; இலக்க வரிசையில், வருட வரிசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. "சேர், என்ட மகன்ட பேர் இது, அஞ்சாறு வருசத்துக்கு முந்தி நடந்தது" என்று வந்து நின்றால் எவ்வளவு நல்ல எழுதுவினைஞராலும் உதவுவது கஷ்டம். இதைவிடச் சிக்கல், ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று இலக்கம் இருக்கும். முறைப்பாடு கொடுத்த அன்று பொலிஸ் புத்தகத்தில் ஓர் இலக்கம் விழும். பொலிஸ் நீதவானுக்கு முதல் அறிக்கை கொடுக்கும்போது 'பி' என்ற எழுத்தோடு இன்னோர் இலக்கம் வரும். பி அறிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான். விசாரணை முடிந்து குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால் வழக்குக்குப் புது இலக்கம். பாரதூரமான குற்றமென்றால் சட்டமா அதிபர் குற்றப்பகர்வுப் பத்திரம் அனுப்பி அது மேல் நீதிமன்றத்துக்குப் போகும்; அங்கே மறுபடி ஓர் இலக்கம். பி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதவான் நீதிமன்றப் படியில் இரண்டு வருடம் ஏறி இறங்கிய ஒரு தாயை எனக்குத் தெரியும். அவவின் மகனுடைய வழக்கு அந்த நேரம் முழுக்க மேல் நீதிமன்றத்தில் இருந்தது.

ஆகவே தவணைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: அன்றைய திகதி, வழக்கு இலக்கம், அடுத்த தவணை. எழுதத் தெரியாதவர் பள்ளிக்குப் போகிற பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். இலக்கம் தொலைந்துபோனால் பிணை முறி, அழைப்பாணை, தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். ஏதாவதொன்றில் இருக்கும்.

இலக்கம் கையில் இருந்தால் மிச்சம் சுலபம். பிரதி வேண்டும் என்று நகர்த்தல் பத்திரம் ஒன்றை உங்கள் சட்டத்தரணி மூலமோ நீங்களாகவோ கொடுக்கிறீர்கள். நீங்கள் யார், வழக்கில் உங்களுக்கு என்ன தொடர்பு, எந்தப் பகுதி வேண்டும், எதற்கு வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் பக்கக் கணக்கில் கட்டணம் சொல்வார்கள். கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு, கட்டணம் கிடையாது. முழு ஏடும் வேண்டுமென்று எழுதினால் செலவும் கூடும், நாளும் இழுபடும். பெரும்பாலான தேவைக்குப் பி அறிக்கை, குற்றப்பத்திரம், கடைசிக் கட்டளை, இந்த மூன்றும் போதும். வழக்கு ஏன் இழுபடுகிறது என்று அறிய வேண்டுமானால் நாளேட்டுக் குறிப்புகளையும் கேளுங்கள். யார் வரவில்லை, யார் தவணை கேட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம்.

"இவ்வளவு பாடு எதற்கு, நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே" என்று சிலர் கேட்பீர்கள். ஊருக்குத் தெரிந்தது எப்படியிருக்கும் என்பதற்கு நம்முடைய ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தையை 'பேபி 81' என்று உலகமே பேசியது. ஒன்பது தாய்மார் அந்தப் பிள்ளைக்கு உரிமை கோருகிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதிதான். மரபணுப் பரிசோதனைக்கு நீதிமன்றம் கட்டளையிட்டு, 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, பிள்ளை அந்தத் தாய் தகப்பனிடமே போய்ச் சேர்ந்தது. ஒன்பது பேர் கதையை இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏட்டைப் பார்த்தவருக்குத் தெரியும்.

இனித் தொழிலாளிக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய முஸ்லிம் சகோதரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். காதியார் தாபரிப்புக் கட்டளை போட்டும் புருஷன் காசு கட்டாவிட்டால் என்ன நடக்கிறது? விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், அந்தக் காசு தண்டப்பணம் போல அறவிடப்படுகிறது. ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 38 ஆம் பிரிவுப்படி, முதலாளி கட்டாமல் விட்ட தொகைக்குத் தொழில் ஆணையாளர் ஒரு சான்றிதழை நீதவானுக்கு அனுப்பலாம். நீதவான் முதலாளியைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார். ஏற்கக்கூடிய காரணம் இல்லையென்றால் அந்தத் தொகை தண்டப்பணம் போல அறவிடப்படும்.

"தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டோம், வழக்குப் போட்டாச்சு என்றார்கள், பிறகு ஒன்றும் தெரியாது" என்று எத்தனை பேர் சொல்கிறீர்கள்! வழக்குப் போட்டாயிற்று என்றால் அதற்கு இலக்கம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தவணை இருக்கிறது. எத்தனை தொழிலாளியின் பெயருக்கு எவ்வளவு தொகை, முதலாளி தவணை முறையில் கட்ட ஒத்துக்கொண்டாரா, கட்டியது எவ்வளவு, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வழக்காளி திணைக்களம்தான், ஆனால் காசு உங்களுடையது.

இதற்குத் திணைக்களத்திடமே கேட்கிற வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "இன்ன தோட்டத்துக்கு எதிராக இன்ன வருடங்களுக்குச் சேமலாப நிதி வழக்குத் தாக்கல் செய்யப்பட்டதா, நீதிமன்றம் எது, வழக்கு இலக்கம் என்ன, அறவிட்ட தொகை எவ்வளவு" என்று ஒரு கடிதம் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு. இந்தச் சட்டத்தில் பிரசை என்ற சொல்லுக்குள், அங்கத்தவரில் நாலில் மூன்று பங்கினராவது பிரசைகளாக இருக்கிற அமைப்பும் அடங்கும். அதாவது சங்கமே தன் பெயரில் கேட்கலாம். தனியாகக் கேட்டால் கங்காணியின் கண்ணில் படும் என்று பயப்படுகிறவர்கள் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

அந்தச் சட்டத்துக்குள் நீதிமன்றங்களும் வருகின்றன. ஆனாலும் என்னுடைய அனுபவத்தில் வழக்கேட்டின் பிரதிக்கு நகர்த்தல் பத்திரம்தான் நேர் வழி. பொலிஸ் நிலையம், தொழில் திணைக்களம் போன்ற இடங்களுக்குத் தகவல் சட்டத்தைப் பாவியுங்கள்.

கட்டாருக்கும் சவூதிக்கும் போக இருக்கிற இளைஞர்களே, இது உங்களுக்கு. நன்னடத்தைச் சான்றிதழுக்கு நீங்கள் விண்ணப்பிக்கும்போது ஊர்ப் பொலிஸில் விசாரிப்பார்கள். எப்போதோ மைதானத்தில் நடந்த அடிபிடி வழக்கில் நீங்கள் விடுவிக்கப்பட்டிருப்பீர்கள்; பொலிஸ் புத்தகத்தில் அது எழுதப்படாமல் இருந்தால் வழக்கு நிலுவை என்றே காட்டும். விசா காலாவதியாகிக் கொண்டிருக்க, அந்த நேரத்தில் ஏடு தேடி ஓடிவந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிந்த கிழமையே கடைசிக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து வைத்துவிடுங்கள். பாஸ்போட்டோடு சேர்த்து வையுங்கள்.

எல்லாவற்றையும் எல்லோரும் கேட்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனின் வழக்கைக் கிண்டிப் பார்க்க ஏடு தரமாட்டார்கள், தரவும் கூடாது. விசாரணை நடக்கும்போது சில அறிக்கைகளைப் பொலிஸ் மறுக்கலாம். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவர் யாரென்று வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். கையில் கிடைத்த பிரதியை வட்ஸ்அப்பில் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்களே பாதிக்கப்பட்டவர் என்றால் கதை வேறு. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு.

தமிழ்நாட்டில் இப்போது வழக்கு இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் அடித்தால் அடுத்த தவணை வந்து நிற்கிறது. நமக்கு உயர் நீதிமன்றத்தின், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. நீதவான் நீதிமன்ற ஏட்டுக்கு இன்னும் கால்நடைதான்.

கடைசியாக மொழி. கல்முனையில் ஏடு தமிழில் இருக்கும், நமக்குப் பிரச்சினை இல்லை. மலையகத்திலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கும், அம்பாறை நகரத்தில் வழக்கு உள்ளவர்களுக்கும் ஏடு சிங்களத்தில் கிடைக்கும். கையெழுத்துப் போட்ட கடதாசியில் என்ன இருந்தது என்று தெரியாமலே தண்டம் கட்டியவர்கள் உங்களுக்குள்ளேயே இருப்பீர்கள். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு, சட்டப்படி அவர் பெறக்கூடிய ஏட்டுப் பகுதியைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்பிலோ பெறும் உரிமையைத் தருகிறது. நகர்த்தல் பத்திரத்தின் அடியில் "தமிழ் மொழிபெயர்ப்புடன் தரவும்" என்று ஒரு வரி சேருங்கள். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்று காத்திருக்கச் சொல்வார்கள், அது உண்மையும்தான். சிங்களப் பிரதியை உடனே வாங்கிக்கொண்டு மொழிபெயர்ப்புக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். தவணைக் கொப்பி கொண்டுவந்தவர்கள் தேநீருக்குப் பிறகு இந்த மேசைக்கு வாருங்கள், இலக்கங்களைப் பார்ப்போம்.