குளத்து நீரும் கிராமத்தார் அறிவும்

அநுராதபுர மாவட்டத்துச் சிறு குளங்கள் தனித்தனியே நிற்பனவல்ல. மேட்டுக் குளத்தில் மிகுந்த நீரும் அதன் வயல்களிற் கழிந்த நீரும் அடுத்த குளத்தை அடையும். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இத்தொடரை ஆராய்ந்து விளக்கினார். குளக்கட்டின் கீழுள்ள மரச்செறிவை வெட்டலாகாது என்பதோ கிராமத்தார்க்கு நெடுங்காலமாகத் தெரியும். கசிவுநீரின் உப்பு வயலை அணுகாமல் அதுவே தடுக்கிறது.

நீர் குறைந்த பருவத்தில் அவர்கள் கையாண்ட முறை இன்னும் வியப்புக்குரியது. சிங்களத்தில் அதனைப் 'பெத்ம' என்பர். குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் விதைப்பதென முடிவு செய்து, அவற்றை உரிமையாளர் அனைவருக்கும் அப்பருவத்துக்கு மட்டும் பகிர்ந்தளிப்பர். தன் வயலிற் பிறர் ஏர் பூட்டுவதைப் பார்த்திருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்! ஊர் ஒப்பியதனால் வந்தது.

இத்தகைய வழக்கங்களுக்கு 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சட்டவலிமை அளித்தது. நீரை மேற்பார்த்த வெல்விதானையின் பதவி 1958இல் நெற்காணிச் சட்டத்தோடு மறைந்தது. பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. பழைய பதவி குறையற்றதன்று. ஆயினும் துருசை எந்நாள் திறப்பதென்பதற்கு ஊரறிந்த ஒருவர் பொறுப்பாயிருந்தார்.

இக்குளத்தொடர் முறையை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. பாராட்டு நன்றே. ஆனால் மேட்டுக் குளத்தின் கட்டை மட்டும் உயர்த்தினால் கீழ்க்குளம் வறளும். வரைபடம் கச்சேரியில் முடிவாகுமுன் கீழ்க்குளத்துப் பெரியவர் ஒருவரையேனும் அழைத்துக் கேட்கலாம். எம்மாரியில் எக்குளம் முந்தி வான் பாயுமென அவர் விரல் மடக்கிச் சொல்வார்.