முதலில் உளியைப் பாருங்கள்
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இதோ, என் மரவேலை வகுப்பு மாணவர்கள் செய்த ஸ்டூல். இதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. காலில் ஆழமான, குறுகலான துளை இருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி அதற்குள் இறக்கியிருக்கிறார்கள். அந்த நாக்கைக் கழுந்து என்போம். காலின் கனம் 36 மி.மீ.; துளையின் அகலம் 12 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு. துளை இதைவிட அகன்றால் இருபுறச் சுவரும் மெலிந்து பிளக்கும்; குறுகினால் கழுந்து வலுவிழக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இந்தத் துளையைப் போடச் சொன்னேன். அப்போது என்னிடம் இருந்தது மெல்லிய பட்டை உளி. மேலாகச் சீவுவதற்கு அது நல்ல உளி. அவன் கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க உளி திரும்பியது, துளை சாய்ந்தது. உள்ளே சிக்கிய செதிலை நெம்பியபோது நுனி ஒடிந்தது. "உனக்குக் கவனமே இல்லை" என்று எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டேன்.

அன்று மாலை அதே மரத்தில், அதே வகை உளியால் நானே துளை போட்டுப் பார்த்தேன். என் துளையும் சாய்ந்தது.

பிறகு துளை உளி வாங்கினேன். அதன் தகடு தடித்தது, நெம்பினால் வளையாது. பக்கங்கள் உயரமானவை என்பதால், துளைக்குள் இறங்கியதும் அதன் சுவர்களே உளியைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். 12 மி.மீ. துளைக்கு 12 மி.மீ. உளி, பக்கங்களைத் தனியாகச் சீவ வேண்டியதில்லை.

முறையும் எளிதுதான். மரத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். கையாலோ மடியிலோ பிடிக்கக் கூடாது. உளியின் வாய் இழையோட்டத்துக்குக் குறுக்காக நிற்க வேண்டும். இழையோடு வைத்து அடித்தால் மரம் பிளக்கும். இரு முனைக் கோடுகளிலும் 2 மி.மீ. விட்டுவிட்டு, சிறிது சிறிதாக நகர்த்தி அடித்து, செதிலை நெம்பி எடுக்க வேண்டும். நெம்பும்போது நசுங்குவது அந்த விட்ட பகுதிதான். ஆழம் வந்தபின் அதைக் கோட்டோடு வெட்டினால் முனை சுத்தமாக இருக்கும். உளி கூராக இருப்பதே பாதுகாப்பு. மழுங்கிய உளியைக் கூடுதல் பலத்தோடு அடிக்கும்போதுதான் அது வழுக்கும்.

அடுத்த வாரம் அந்த மாணவனிடம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான், ஆனால் உளியைத் தொடவில்லை. மூன்றாம் பருவத்தில்தான், ஒருநாள் தானாக வந்து, "ஐயா, அந்தத் தடி உளியைக் கொடுங்க" என்றான். ஒடிந்த உளிக்கு மாற்று வாங்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. அவன் மனம் திரும்ப அத்தனை மாதங்கள் ஆயின.

உங்கள் வகுப்பிலும் உளிகள் உண்டு. வட்டம் சேரவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை வாங்கி நீங்களே ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். பிறகு பிள்ளையிடம் பேசலாம்.