பெயரைப் பிடித்துப் போனால்

மும்பை கிங் சர்க்கிள் ஷண்முகானந்தா அரங்கத்திலிருந்து தாராவி தொண்ணூறடி சாலைக்கு நடந்தே போய்விடலாம். அரங்கத்துக்குரிய சங்கீத சபா 1952-இல் தொடங்கியது. தாராவியில் 2010-களில் டோப்படெலிக்ஸ் என்ற இளைஞர் குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து ராப் பாட ஆரம்பித்தது. இரண்டு இடத்திலும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்துப் பாட்டு மறு பக்கத்துக் காதில் விழுவது அபூர்வம். நம் காதைப் பழக்கியது நாம் பிறந்த வீடும் வளர்ந்த தெருவும். அந்த வேலியைத் தாண்ட இணையம் எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதிலிருந்து லோக்கல் ரயிலில் காதில் ஏதாவது மாட்டாத ஆளைப் பார்ப்பது கடினம். கையில் உலகத்துச் சங்கீதமே இருக்கிறது. ஆனாலும் யூடியூபில் ஒரு இளையராஜா பாட்டு முடிந்தால் தானாக ஓடுவது பெரும்பாலும் இன்னொரு இளையராஜா பாட்டுதான். இனிமைக்குக் குறைவில்லை. கேட்டதைப் போன்றதையே அது மேலும் மேலும் எடுத்துக் கொடுப்பதால், வருஷக் கணக்கில் கேட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். தானாக ஓடும் வசதியை முதலில் அணைத்து வையுங்கள் என்பேன். பிறகு பாட்டோடு வரும் பெயர்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள்.

உதாரணத்துக்கு, கர்நாடக சங்கீதப் பாடகி அருணா சாய்ராம் மும்பையில் பிறந்து வளர்ந்தவர், டி. பிருந்தாவிடம் பாடம் கேட்டவர். கச்சேரிக் கடைசியில் அவர் பாடும் மராத்தி பக்திப் பாட்டான அபங்கத்துக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டுப் பஜனை மடங்களுக்குள் நுழைந்த வடிவம் அது. யார் இயற்றியது என்று தேடினால் துக்காராம், நாமதேவர் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் சோகாமேளா என்ற பெயரில் நில்லுங்கள். பதினான்காம் நூற்றாண்டுக்காரர். தீண்டத்தகாதவர் என்று பண்டரிபுரம் கோயிலுக்குள் விடப்படாதவர். அவர் மனைவி சோயராபாயும் அபங்கங்கள் பாடினார். அவற்றில் ஒன்றைக் கிஷோரி அமோன்கர் பாடியிருக்கிறார், இணையத்தில் கிடைக்கிறது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் சொல்லை, ஹிந்துஸ்தானியின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று ஏந்திக்கொண்டு போகிறது. மாட்டுங்கா சபைக்காரர் ஒருவர் தமக்குத் தெரிந்த அபங்கத்திலிருந்து புறப்பட்டு இரண்டே பெயர்களில் இங்கே வந்து சேரலாம். எந்த இயந்திரமும் எனக்கு இதைப் பரிந்துரைத்ததில்லை.

ராகத்தைப் பிடித்தும் போகலாம். கல்யாணி தெரிந்தவர் ஹிந்துஸ்தானியில் யமனையும், மோகனம் தெரிந்தவர் பூப்பையும், ஹிந்தோளம் தெரிந்தவர் மால்கௌன்ஸையும் தேடட்டும். தோடியில் மட்டும் ஜாக்கிரதை. ஹிந்துஸ்தானிக்காரர்கள் தோடி நம் சுபபந்துவராளிக்கு நெருக்கம், நம் தோடி அவர்கள் பைரவியின் பக்கம். பீம்சேன் ஜோஷியின் மால்கௌன்ஸை அரைமணி நேரமாவது கேளுங்கள். நாம் கமகத்தில் அசைத்துக் கடக்கும் ஸ்வரத்தில் அவர் ஊன்றி நிற்பது புரியும். அரை நிமிடத் துண்டுகளில் இது கிடைக்காது. இணையத்தின் பெரிய தீங்கு அந்தத் துண்டுகள்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறை, பெயர்களே இல்லாமல் ஏற்றப்படும் பதிவுகள். பழைய கச்சேரி ஒன்று கிடைக்கும். பாடகர் பெயர் இருக்கும், மிருதங்கம் யார், வயலின் யார் என்று இருக்காது. வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாசிப்பைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்த பெயரை அந்தப் பதிவுகளின் கீழே அவர்கள் எழுதிவைத்தால் அது பெரிய உபகாரம்.

தாராவிப் பாட்டுக்குப் போக 2018-இல் வந்த ‘காலா’ படமே போதும். சந்தோஷ் நாராயணன் இசையில் டோப்படெலிக்ஸ் பாடியது அந்தப் படத்தில்தான். அதே படத்தில் பாடிய ராப் பாடகர் யோகி பி-யின் பெயரைப் பிடித்தால் கோலாலம்பூர் வந்துவிடும். 2006-இல் நட்சத்ரா குழுவோடு அவர் வெளியிட்ட ‘வல்லவன்’ பல தமிழ் இளைஞர்களுக்கு ராப் தமிழிலும் வரும் என்று காட்டிய ஆல்பம். அங்கிருந்து பின்னால் போனால் 1990-களின் போயட்டிக் அம்மோ குழு.

ராப்பில் சங்கீதம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் மாமாக்களுக்கும் மாமிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘காலா’வின் ‘தெருவிளக்கு’ ஓடும்போது தொடையில் ஆதி தாளம் போடுங்கள். பெரும்பாலான ராப் அந்த எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். அடுத்து, சொற்கள் எங்கே விழுகின்றன என்று கவனியுங்கள். அடிக்கு நேராக விழாமல் சற்றுத் தள்ளி எடுக்கிறார்களா, ஓர் அடிக்குள் மும்மூன்றாக, நாம் திஸ்ரம் என்கிறோமே அப்படிப் போகிறார்களா, கடைசிச் சொல் எங்கே வந்து அமர்கிறது? தனி ஆவர்த்தனத்தில் நீங்கள் கேட்டுத் தலையசைக்கும் கணக்குக்கு உறவான வேலை இது. முதல் தடவை சொல் பிடிபடாது. தாராவித் தமிழும் பம்பாய் இந்தியும் கலந்து வேகமாக வரும்போது அப்படித்தான். இரண்டாம் தடவை தாளத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கேளுங்கள்.