நண்பகல் பேய்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் லேப்டாப்ல மூணு வாரமா ஒரு ரெசிக்னேஷன் மெயில் டிராஃப்ட்லயே கிடக்கு. பெரிய காரணம்னு எதுவும் இல்ல. மேனேஜர் நல்லவர், சம்பளம் ஓகே. ஆனா ஸ்டாண்ட்-அப் முடிஞ்சதும் ஒரு மாதிரி ஆயிடும். ரொம்ப நேரம் வேலை பார்த்துட்டோம்னு நினைச்சு மணியைப் பார்த்தா பத்து நிமிஷம்தான் ஓடியிருக்கும். உடனே கை லிங்க்ட்இன் பக்கம் போகும். நாலு வருஷத்துல இது எனக்கு மூணாவது கம்பெனி.

இதே நிலைமையை 1,600 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். பேரு எவாக்ரியஸ். இன்றைய துருக்கியின் கருங்கடல் பக்கம், பொந்துஸ் பகுதியில் சுமார் 345-இல் பிறந்தவர். எகிப்துப் பாலைவனத்தில் கெல்லியா என்ற இடத்தில் துறவியாக வாழ்ந்து 399-இல் இறந்தார். கெல்லியான்னா 'அறைகள்'னு அர்த்தம். ஆளுக்கொரு குடில். இவருக்கு வேலை, கையால் நூல்களைப் பிரதி எடுக்கறது.

'பிராக்டிகோஸ்'னு சின்னச் சின்னதா நூறு பத்திகள் உள்ள ஒரு நூல் எழுதினார். அதுல மனசைக் கெடுக்கற எட்டு எண்ணங்களைச் சொல்றார். பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், அகேடியா, வீண்பெருமை, அகந்தை. பிற்பாடு மேற்குல 'ஏழு பாவங்கள்'னு பிரபலமான பட்டியலுக்கு மூலம் இதுதான்.

நமக்கு வேண்டியது அந்த அகேடியா. சோம்பல்னு மொழிபெயர்க்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இதுக்கு அவர் சொல்ற இன்னொரு பேரு நண்பகல் பேய். காலை பத்துல இருந்து மதியம் ரெண்டு வரைக்கும் வரும். சூரியன் நகரவே நகராது. துறவி ஜன்னலைப் பார்ப்பார். மூணு மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்ளோ நேரம்னு பார்ப்பார். யாராவது பேச வர்றாங்களான்னு எட்டிப் பார்ப்பார். அப்புறம் இந்த இடமே சரியில்ல, இந்த வேலையே சரியில்ல, இங்க யாருக்கும் யார் மேலயும் அன்பு இல்லன்னு தோணும். வேற ஊரு, இதைவிட ஈஸியான தொழில் எல்லாம் கண் முன்னாடி வரும். படிச்சதும் பக்குனு இருந்துச்சு.

அவர் சொல்ற மருந்து எனக்கு ரொம்பப் பிடிச்சது. எண்ணம் வர்றது நம்ம கையில இல்ல, அது தங்கறதுதான் நம்ம கையில இருக்கு. அதனால கவனி. எது எப்ப வருது, எது பின்னாடி எது வருதுன்னு குறி. நம்ம பாஷையில, லாக் எடு. 'அன்டிர்ரெடிகோஸ்'னு இன்னொரு நூல் கிட்டத்தட்ட ஆன்-கால் ரன்புக் மாதிரியே இருக்கும். எட்டு எண்ணத்துக்கு எட்டுப் பகுதி. இந்த எண்ணம் வந்தா இந்த பைபிள் வசனத்தால பதில் சொல்லுன்னு வரிசையா போகும். ஆனா ஒண்ணு, அவருக்குப் பேய்ங்கறது உவமை இல்ல, நிஜம். அதை மறைச்சுட்டு இவரை ப்ரொடக்டிவிட்டி குருவா காட்டறது நேர்மை இல்ல.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. 'அறையை விட்டு ஓடாதே'ன்னு சொன்ன இதே மனுஷன் ஒரு காலத்துல ஓடி வந்தவர்தான். கான்ஸ்டான்டிநோபிளில் பேரும் புகழுமா இருந்தப்ப, பெரிய இடத்துக் கல்யாணமான ஒரு பெண்மேல காதல் வந்துச்சு. ஒரு கனவு கண்டு பயந்து ஜெருசலேமுக்குக் கப்பல் ஏறிட்டார். அங்கேயும் பழைய பகட்டுக்கே திரும்பினார். காய்ச்சல்ல மாசக்கணக்கா கிடந்தார். மூத்த மெலானியாங்கற துறவிதான் இவர்கிட்ட சத்தியம் வாங்கி எகிப்துக்கு அனுப்பினாங்க. இந்தக் கதையை எழுதி வெச்சது அவரோட சீடர் பல்லாடியஸ்.

அப்போ எந்த ஓட்டம் சரி, எந்த ஓட்டம் பேயோட வேலை? அகேடியா வேற இடத்தை அழகாக் காட்டி இழுக்கும். கான்ஸ்டான்டிநோபிள்ல நடந்தது நேரெதிர். இருக்கற இடம்தான் அழகா இருந்துச்சு, போறதுதான் வலிச்சுது. அவர் இப்படிப் பிரிச்சுச் சொல்லல, இது என் கணக்கு.

போன வாரத்துல இருந்து அந்த டிராஃப்டைத் திறக்கற நேரத்தையெல்லாம் குறிச்சு வைக்கறேன். இதுவரைக்கும் பதினொரு தடவை. ஒன்பது தடவை பத்துக்கும் ரெண்டுக்கும் நடுவுல. மிச்சம் ரெண்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி, மனசு நிதானமா இருந்தப்ப. அந்த ரெண்டைப் பத்தித்தான் இப்ப யோசிச்சுட்டு இருக்கேன்.