பனிப்பலகையும் பாதக்கட்டும்



பனிமலைச் சரிவில் மனிதன் நின்றவாறே வழுக்கிச் செல்லும் பலகை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். "கெடாவில் பனி ஏது சார்?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நம் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். அதன் உச்சியிலும் மூடுபனிதான் கவியுமே தவிர, வெண்பனி விழுவதில்லை. ஆயினும் இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சென்ற குளிர்காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கு ஒப்பந்த வேலைக்குப் போனான். பனிச்சறுக்கு விளையாட வருவோருக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் அவனுக்கு வேலை. அவனுடைய தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஒருநாள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும், "சார், பிளேன் ஏறிப் போயி பலகைக்கு ஸ்குரு முடுக்குறானாம். இதுக்கா நகைய அடகு வெச்சு அனுப்பினோம்?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே படித்தேன், அவனிடமும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் குடியிருப்பது அலோர் ஸ்டாரை அடுத்த மெர்கோங்கில். உழுது நீர் பாய்ச்சிய வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அதே சேற்றில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதையாது. புதிதாக விழுந்த பனியும் இப்படித்தான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சப்பாத்துடன் நிற்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம் எடை இறங்குகிறது. அவரே ஒன்றரை மீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகைமேல் நின்றால், அது 16 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஜொகூரில் மூவார்க் கடலோரத்தில் கெராங் சிப்பி எடுப்பவர்கள் 'தொங்கா' என்ற பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்திச் செல்வதும் இதே கணக்குத்தான்.

புதையாமல் இருப்பது ஒன்று. நினைத்த பக்கம் திரும்புவது வேறொன்று. நான் சிறுவனாக இருந்தபோது மழை பெய்த செம்மண் மேட்டில் பாக்கு மட்டைமேல் உட்கார்ந்து சறுக்குவோம். சறுக்கல் நன்றாகத்தான் இருக்கும். திருப்பத்தான் முடியாது. லயத்துக் கால்வாயில் போய் விழுந்து நான் வாங்கிய தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. நின்றுகொண்டு சறுக்கப் பார்த்தவர்களுக்கு மட்டை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார்.

இந்த இரண்டு குறைகளையும் போக்கியதுதான் பனிப்பலகையின் வரலாறு. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாட இரண்டு பனிச்சறுக்கு மட்டைகளை அருகருகே வைத்துப் பிணைத்துக் கொடுத்தார். முனையில் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காலைக் கட்ட ஒன்றும் கிடையாது. அவர் மனைவி அதற்கு 'ஸ்நர்ஃபர்' என்று பெயர் சூட்டினார். ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்ற இளைஞர் 1977-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பலகை செய்யத் தொடங்கினார். 1979-இல் மிச்சிகனில் நடந்த ஸ்நர்ஃபர் போட்டிக்கு அவர் காலைக் கட்டும் வார் பொருத்திய பலகையோடு போனார். மற்றவர்கள் அது முறையல்ல என்று எதிர்த்தார்கள். அவருக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். அதில் அவர் ஒருவர்தான், ஆகவே அவரே வென்றார்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எதிர்த்த அந்தக் கால் வார்தான் இந்த விளையாட்டையே மாற்றியது. 1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் இது போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

இப்போது பலகையைக் கவனிப்போம். நடுவே மெல்லிய, இலேசான மரம். அதன் மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணியைப் பசையில் தோய்த்து ஒட்டியிருப்பார்கள். அடியில் வழவழப்பான பிளாஸ்டிக்; அதன்மேல் மெழுகு பூசுவார்கள். அடிப்புறத்து விளிம்பைச் சுற்றி எஃகுப் பட்டை. எத்தனையோ புதுப் பொருள்கள் வந்த பிறகும் நடுவில் மரம் நிலைத்திருப்பதைக் கவனியுங்கள். வளைந்து நிமிர்வதிலும் எடைக் குறைவிலும் மரம் இன்னும் சளைக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் பலகை உடுக்கையைப் போல இடை சிறுத்து, இரு முனையும் அகன்றிருக்கும். திருப்பத்தின் இரகசியம் அதில்தான் இருக்கிறது. மாணவர்களே, பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் பக்கத்தை உள்வளைவாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் தரையில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். இரு முனைதான் தரையைத் தொடும். நடுவில் இடைவெளி இருக்கும். நடுவில் விரலால் அழுத்துங்கள். அட்டை வளைந்து, விளிம்பு முழுவதும் தரையில் படிந்து, ஒரு வட்டத்தின் துண்டாகி நிற்கும். பலகையும் சாய்ந்ததும் இப்படியே வளைந்து, எஃகு விளிம்பு பனியைக் கீறிக்கொண்டு அந்த வட்டத்தின் வழியே போகிறது. என் பாக்கு மட்டைக்கு அப்படி ஒரு விளிம்பு இல்லை. கால்வாய்தான் கதி.

ஆனால் பலகையைச் சாய்ப்பது யார்? கால்தான். காலின் அசைவு பலகைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இடையில் தளர்ச்சி இருக்கக்கூடாது. இங்கேதான் பாதக்கட்டு வருகிறது. அடித்தட்டு ஒன்று, கணுக்காலுக்கும் விரல் பக்கத்துக்கும் இரண்டு வார்கள், குதிகாலுக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும் தடுப்பு. வார்களில் ஏணிப்படி போன்ற பற்கள் உண்டு. நெம்பிய ஒவ்வொரு முறையும் ஒரு பல் இறுகும். அடித்தட்டின் நடுவில் ஒரு வட்டத் தகடு. அதைச் சுற்றிலும் பற்கள் இருப்பதால், பாதம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டுமோ அந்தக் கோணத்தில் வைத்துப் பூட்டலாம். அந்தத் தகட்டைப் பலகையோடு பிடித்து நிறுத்துபவை பெரும்பாலும் நான்கே நான்கு திருகாணிகள். ஆறு மில்லிமீட்டர் தடிமன். மரத்துக்குள் பதித்த உலோக மறைகளில் அவை இறங்குகின்றன.

இரண்டு மட்டைகளில் சறுக்குகிறவர்களின் கட்டு, விழுந்தால் தானே கழன்றுகொள்ளும். இல்லாவிட்டால் நீண்ட மட்டை முழங்காலை முறுக்கிவிடும். பனிப்பலகையில் இரு காலும் ஒரே பலகையில் இருப்பதால் கட்டு கழலாது. ஒரு கால் மட்டும் கழன்றால், மற்றக் காலை முழுப் பலகையும் சேர்ந்து முறுக்கும். விழுகிறவர்கள் கையை ஊன்றுவதால் மணிக்கட்டுதான் அதிகம் முறிகிறது.

சரிவில் இறங்குவது புரிகிறது, ஏறுவது எப்படி என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. சில இடங்களில் கம்பித்தடத்துத் தொட்டி உண்டு. காஷ்மீரத்தின் குல்மார்க்கில் அபர்வத் மலையில் அது 4,000 மீட்டரை நெருங்கும் உயரம் வரை ஆட்களை ஏற்றிச் செல்கிறது. 2020-இல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. தொட்டி இல்லாத மலையில் ஏறுகிறவர்களுக்காக வந்ததுதான் பிளவுப் பலகை. சால்ட் லேக் சிட்டியின் வொய்லே நிறுவனம் 1990-களில் இதைப் பரப்பியது. பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பார்கள். ஏறும்போது காலுக்கு ஒரு பாதி. பாதக்கட்டின் முன்பக்கம் மட்டும் ஓர் ஊசியில் கீல் போல அசையும். குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். அடியில் மயிர்த்தோல் போன்ற பட்டையை ஒட்டுவார்கள். நெற்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடிய பிள்ளைகளுக்குத் தெரியும், அது ஒரு பக்கமாகத்தான் நகரும். இந்தப் பட்டையும் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது.

உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்துவிட்டு, இரு பாதியையும் கொக்கிகளால் சேர்த்து, பிளவின் இரு பக்கமும் உள்ள குமிழ்களின் மேல் பாதக்கட்டைக் குறுக்காகச் செருகுவார்கள். பலகையின் இரு பாதியையும் இணைத்து நிறுத்துவதே அந்தக் கட்டுதான். பாப்பன் இரண்டை ஒன்றாக்கினார். பின்னால் வந்தவர்கள் ஒன்றை இரண்டாக்கினார்கள். ஆள் நடமாட்டமில்லாத மலை என்பதால் ஆபத்தும் அதிகம். 2023 பிப்ரவரியில் குல்மார்க் பக்கம் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

இனி அந்தத் திருகாணிக்கு வருகிறேன். ஒருநாள் கடையில் நீண்ட வரிசை. ஒரு பலகையில் நான்கில் ஒரு திருகாணி இறுகவில்லை; மரத்துக்குள்ளிருந்த மறையே தேய்ந்து சுற்றிற்று. "மூன்று போதும், கொடுத்துவிடு," என்று மேலே இருந்தவர் சொன்னாராம். இவன் கொடுக்கவில்லை. பலகையை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தான். தாமதத்துக்காக எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கினான். அன்றிரவே என்னை அழைத்து, "நான் செஞ்சது சரியா சார்?" என்று கேட்டான்.

கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். நீண்ட முனையில் கொடுக்கும் சிறிய தள்ளு, குட்டையான முனையில் பலமடங்காகிறது. கணுக்காலுக்கு மேலே பின்தடுப்பைக் கால் தள்ளும் ஒவ்வொரு முறையும் கீழே உள்ள திருகாணிகள் அப்படித்தான் பெயர்க்கப்படுகின்றன. ஒன்று போனால் அதன் பங்கும் மற்ற மூன்றின் தலையில் விழுகிறது. பனியின் அதிர்வில் அவையும் தளரும். திருகாணி நீளம் கூடினாலும் தொல்லைதான். பலகையின் அடியைப் புடைக்க வைத்துவிடும். குறைந்தால் மறையில் பிடிப்பு இராது. வேகமாகப் போகும்போது ஒரு பாதம் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் சொன்னேன். சரிதான் என்று அவனுக்குச் சொன்னேன்.

இதையெல்லாம் அந்த அம்மாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அட்டையை வெட்டிக் காட்டிச் சொல்லி முடிக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. அவர் அட்டையைக் கையில் வாங்கிச் சாய்த்து அழுத்திப் பார்த்தார். "மரம் வெட்டுறப்ப கத்தி ஒரு நூல் ஆழமா இறங்கிட்டாலும் பட்டையில காயம் விழும் சார். நெறையா கேட்டு அவசரப்படுத்துவாங்க. நானும் அவசரப்பட்டதில்ல," என்றார். பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தார். அதன் கீலில் ஒரு திருகாணி கழன்று இரண்டு வருடமாகத் தொங்குகிறது.

"ஏப்ரல்ல வரேன்னான். வரட்டும், மொதல்ல இத முடுக்கச் சொல்றேன்."